நோய்க்குத் தீனியாகும் ஆறுதல்

இரவு பதினொன்றே கால் இருக்கும். நண்பனிடமிருந்து அழைப்பு. "மச்சான், ரேடியல் ரோட்ல வரும்போது வண்டி எது மேலயோ ஏறி இறங்குன மாதிரி இருந்துச்சு. யாரையாவது இடிச்சுட்டேனா?" துரைப்பாக்கத்தில் வேலை முடிந்து பல்லாவரத்துக்கு அவன் திரும்பும் வழி அது. ஏற்கெனவே மூன்று முறை வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டான். சாலையில் ரத்தம் இல்லை, கூட்டம் இல்லை, விழுந்து கிடப்பவர் யாரும் இல்லை. ஆனால், பார்க்கப் போன வழியில் யாரையாவது இடித்திருந்தால்? அதைப் பார்க்க இன்னொரு முறை போக வேண்டும்.

"இல்லடா, அங்க தார் போட்டு ஒட்டு போட்டிருக்காங்க. அந்த மேடுதான்" என்றேன். "சத்தியமா?" "சத்தியமா." அவன் மூச்சை விடுவது கேட்டது. பத்து நிமிடத்தில் மறுபடியும் அழைப்பு. ஒருநாள் நானே போய் அந்த மேட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் தெரியும் கறை என்ன என்று கேட்டான். மறுநாள் காலைச் செய்தித்தாளில் விபத்துச் செய்திகளை மட்டும் வரி விடாமல் படித்தான்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் பதில் சொன்னேன். நண்பனுக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள், அவனுக்குச் சிகிச்சை அளித்த உளவியலாளர் என்னையும் வரச் சொன்னார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பதில் சொல்றீங்க?" என்று கேட்டார். ஏழெட்டு என்றேன். "ஆறு மாசத்துக்கு முன்னாடி?" இரண்டு, மூன்று. அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயைக் கை கழுவுவதோடும் வீட்டைத் துடைப்பதோடும் மட்டுமே சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டோம். புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைப்பவர்கூட "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்று சொல்லிக்கொள்கிறார். நோயின் இயல்பு வேறு. வேண்டாத எண்ணம் ஒன்று அழைக்காமல் வந்து நிற்கிறது. குழந்தையைத் தூக்கும்போது கீழே போட்டுவிடுவேனோ, கோயிலில் கும்பிடும்போது சாமியைப் பற்றி ஏன் இப்படி அசிங்கமாகத் தோன்றுகிறது, கேஸை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா. அந்த எண்ணம் நெஞ்சைப் பிசைகிறது. பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல் தேவைப்படுகிறது: கழுவுவது, எண்ணுவது, மனதுக்குள் மந்திரம் சொல்வது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, யாரிடமாவது கேட்பது. செய்ததும் சற்று நிம்மதி. அந்த நிம்மதிதான் கண்ணி. 'செய்ததால்தான் தப்பித்தேன்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் அவசரமாக அதையே கேட்கிறது.

இத்தகைய எண்ணங்கள் வருவதால் ஒருவர் கெட்டவராகிவிடுவதில்லை. 1978-இல் லண்டனில் உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வாவும் நோய் எதுவும் இல்லாதவர்களிடம் விசாரித்தார்கள். பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் அதுபோன்ற வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் அதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த நோய் உள்ளவரால் முடிவதில்லை. அன்பும் பொறுப்பும் மிகுந்தவரைத்தான் 'உன்னால் யாருக்கோ கேடு வந்துவிட்டது' என்ற எண்ணம் அதிகம் வதைக்கும். என் நண்பன் எறும்பை மிதிக்கவும் தயங்குபவன்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16-இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்கு 0.8 பேரிடம் இந்நோயைக் கண்டது. ஐந்து கோடிக்கு மேல் வயதுவந்தோர் வாழும் தமிழகத்துக்கு இந்த விகிதத்தைப் பொருத்தினால் நோயுள்ளவர்களின் எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும் நோய் இது. அந்த வயதில் ஒருவரின் மாற்றத்தை முதலில் கவனிப்பவர்கள் நண்பர்கள்தாம். அறைத்தோழி ஒன்றரை மணி நேரமாகக் குளியலறையைவிட்டு வெளியே வராததும், வகுப்புத் தோழன் ஒரே வரியை அழித்து அழித்து எழுதுவதும் பெற்றோர் கண்ணில் படாமல் போகலாம்.

நம் வீடுகளில் இந்நோய் ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். மடி, தீட்டு, எச்சில், பத்து என்று சுத்தத்துக்கும் அசுத்தத்துக்கும் எல்லை போட்ட ஊர் இது. ஒரு பெண் நாளுக்கு ஐந்து முறை தரையைக் கழுவினால் "அவ சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்" என்று மெச்சுகிறோம். அவள் கைவிரல் இடுக்குகளில் தோல் வெடித்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. வங்காளிகள் இந்த அளவுமீறிய சுத்தத்துக்கு 'சுசிபாய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதை எண்ணச் சுழற்சி நோயோடு ஒப்பிட்டு அஜிதா சக்ரவர்த்தியும் ஜி. பானர்ஜியும் 1975-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆசாரம் நோயை உண்டாக்குவதில்லை. அதற்கு உடுப்பு மாட்டிவிடுகிறது. அந்த உடுப்பில் இருக்கும்வரை மருத்துவரிடம் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

ஆறுதல் விஷயத்துக்கு வருகிறேன். "இல்லடா, நீ யாரையும் இடிக்கல" என்று நான் சொன்னது எனக்கு அன்பு. நோய்க்கு அது அவன் என் வாய் வழியாகச் செய்துகொண்ட இன்னொரு சரிபார்ப்பு. வண்டியைத் திருப்பிப் பார்ப்பதும் என்னிடம் கேட்பதும் ஒரே வேலையைத்தான் செய்தன. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் நோயாளிகளின் குடும்பத்தினரிடம் விசாரித்தபோது, கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஒரு வகையில் நோயின் சடங்குகளுக்கு உடன்பட்டுக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்காகக் கதவைத் திறந்துவிடுவது, தனி சோப்பு வாங்கிக் கொடுப்பது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வது. இந்த உடன்பாடு கூடுமிடத்தில் நோயின் கடுமையும் கூடியிருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் நண்பனுக்குப் பதில் சொல்வதில்லை என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. திடீரென்று கையை விடுவது கொடுமை. குழாயடியில் நிற்பவரின் கையைப் பிடித்து இழுப்பதும், "தைரியமா இரு, யோசிக்காத" என்று அதட்டுவதும் கொடுமைதான். யோசிக்காமல் இருக்க முடிந்திருந்தால் அவர் என்றோ நிறுத்தியிருப்பார். தன் சந்தேகம் அர்த்தமற்றது என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாததில்தான் வேதனை. இன்னொன்று, அவர் வாய்விட்டுச் சொல்லத் துணியும் எண்ணம் எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். அதைச் சொல்வதற்கு அவர் பல ஆண்டுகள் காத்திருந்திருக்கலாம்.

நானும் நண்பனும் அவனுடைய உளவியலாளரும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவன் ஒப்புதலோடு. அவன் கேட்டால் நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது இதுதான்: "இது நோய் கேக்குற கேள்வி மச்சான். பதில் சொல்ல மாட்டேன். ஆனா லைன்லயே இருக்கேன்." முதல் இரவு நாற்பது நிமிடம் அவன் பேசாமல் இருந்தான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு நெஞ்சடைத்தது. ஒரு வார்த்தையில் அவனைத் தூங்கவைக்க முடியும்; அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். நட்பில் நான் செய்தவற்றில் மிகக் கடினமானது அதுதான். கடைசியில் அவனே, "இன்னும் பயமாதான் இருக்கு. ஆனா திரும்பப் போகல" என்றான். மறுநாள் அவன் கேட்டபோது வாய் தவறி "இல்லடா" என்று சொல்லிவிட்டேன். அப்படியும் நடந்தது. மறுபடியும் ஆரம்பித்தோம்.

இந்த முறையின் வேர் 1966-இல் இருக்கிறது. லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர், நோயாளிகளை அவர்கள் அஞ்சும் பொருளைத் தொடவைத்து, பிறகு கழுவாமல் இருக்க உதவும் முறையைப் பதிவுசெய்தார். அச்சத்தை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் இந்தச் சிகிச்சைதான் இன்று உலகெங்கும் முதல் வரிசையில் நிற்கிறது. பதற்றம் ஏறும், அதைத் தாங்க முடியும் என்று மனம் மெல்லக் கற்கும். எளிய படியில் தொடங்கி, பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்ய வேண்டியது இது. நண்பர்கள் தாமாக இறங்கி நடத்தும் பரிசோதனை அல்ல. கூடவே ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின், ஃப்ளூவோக்சமின் போன்ற மாத்திரைகளும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் வேலை செய்யல" என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். அந்த இடைக்காலத்தில் கூட இருப்பவர்தான் நண்பர்.

சிகிச்சையிலும் நமக்குக் குறை இருக்கிறது. மாத்திரை எழுதித்தரும் மனநல மருத்துவர் மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கலாம். இந்தப் பயிற்சியை வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொடுக்கும் உளவியலாளர் பெருநகரங்களுக்கு வெளியே அரிது. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரையாவது நியமிப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவையில் மனநலச் சிகிச்சையை உரிமையாகவே சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே போக வசதியில்லாதவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் இது.

என் நண்பன் முழுதாகக் குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அதே ரேடியல் ரோட்டில் தினமும் போகிறான். கண்ணாடியில் அடிக்கடி பார்க்கிறான். வண்டியைத் திருப்புவது மாதத்துக்கு ஒருமுறை நடக்கலாம். ஒரு காலத்தில் அது ஒரே இரவில் நான்கு முறை நடந்தது.

உங்கள் நண்பருக்கு இப்படி ஏதாவது இருப்பதாகத் தோன்றினால், தனியாக அழைத்துப் பேசுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற தொனி வந்தால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416; கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மருத்துவமனைக்கு முதல் நாள் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். என் நண்பன் இரண்டு முறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்தான். மூன்றாம் முறை ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் நானும் நின்றேன்.