டிரெய்லருக்கும் காவல் வேண்டும்

டிராக்டரைக் கொட்டகையில் விட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் விவசாயி, டிரெய்லரை மட்டும் தெருவோரப் புளியமரத்தடியில் விட்டுவிடுகிறார். டிரெய்லருக்கு எஞ்சினும் இல்லை, சாவியும் இல்லை. வேறொரு டிராக்டரைக் கொண்டுவந்து ஒரு பின்னைச் செருகினால் போதும், ஊர் எல்லையைத் தாண்டிவிடும். அறுவடைக் காலத்து இரவில் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். வண்டி போனாலும் கடன் தவணை நிற்காது.

இரவில் இழுவை வளையம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்த வேண்டும். வளையத்தில் பெரிய பூட்டைப் போட்டால் பின் நுழையாது. சக்கரத் துளை வழியே சங்கிலி விட்டுக் கல்தூணோடு பூட்டுவதும் நல்லது.

இவற்றைவிட முக்கியமானது பதிவு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும். பட்டறையில் செய்து வாங்கியபின், செலவுக்கு அஞ்சி இதை விட்டுவிடுவோர் உண்டு. சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றும் இல்லாத வண்டியைப் போலீசார் மீட்டாலும், அது தம்முடையது என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? டிராக்டரின் இன்சூரன்ஸ் மட்டும் போதாது. டிரெய்லருக்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும்.

பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும். பதிவுதான் பொருளை உரியவரிடம் சேர்க்கும். அந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பது விவேகமல்ல.