"வா, சேர்ந்து பார்க்கலாம்!"

"மழை வருகிறது, வெளியே போகாதே!" இந்த ஒரு வாக்கியத்தை வருஷத்தில் எத்தனை தடவை சொல்கிறோம் என்று யாராவது எழுதி வைத்தால், அது பால் கணக்கு நோட்டைவிடப் பெரிய நோட்டாகிவிடும். சளி பிடிக்கும், சேறு ஒட்டும், பூச்சி கடிக்கும். தாய் மனசுக்குக் காரணங்களா கிடைக்காது?

ஸ்வீடன் தேசத்து அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். மழை வந்தால் அங்கே குழந்தைக்கு ரப்பர் பூட்ஸையும் மழைச் சட்டையையும் மாட்டி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். "கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடுப்புத்தான் உண்டு" என்பது அந்த ஊர்ப் பழமொழி.

அவர்களுக்குக் குழந்தையிடம் அக்கறை இல்லையா? பேஷாக இருக்கிறது. பயமும் இருக்கிறது. அந்தத் தேசத்தின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்கள் எல்லையில்லாமல் நிற்கும். பிறர் நிலமானாலும் காட்டில் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம். எதையும் சேதப்படுத்தக் கூடாது, யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது, அவ்வளவுதான். வெகு காலமாக வழக்கத்தில் இருந்த இந்த உரிமையை 1994-ஆம் வருஷம் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இப்படி வாசலிலேயே காடு இருக்கும்போது குழந்தையை எத்தனை நாள் வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியும்?

அதனால் பூட்டி வைப்பதற்குப் பதிலாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். 1957-இல் கோஸ்டா ஃப்ரோம் என்பவர் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு காட்டுப் பள்ளியை ஆரம்பித்தார். 1892-இல் பிறந்து, வெளிப்புற வாழ்க்கையை வளர்த்து வந்த ஒரு சங்கம் அதை ஏற்று நடத்தியது. கட்டடம் இல்லை, பெஞ்சு இல்லை, பரீட்சை இல்லை. ஆனால் ஒரு கதாபாத்திரம் உண்டு: "ஸ்கூக்ஸ்முல்லே". "ஸ்கூக்" என்றால் காடு. "முல்" என்றால் இலை மக்கி உண்டாகும் மண். காட்டு மண்ணிலிருந்து பிறந்த குட்டிப் பூதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பிர்ச் மரப்பட்டைத் தொப்பியும் வாலுமாக, "கொல்லிகோக்!" என்று கூவிக்கொண்டு வருவான். வேஷம் போட்டிருப்பது யாரோ ஒருவர்தான். கொஞ்ச நேரம் பேசி, ஆடிவிட்டு, மரங்களுக்குள் மறைந்துவிடுவான். பாக்கி நேரமெல்லாம் குழந்தைகளுக்குத் துணை, இதற்கென்று பயிற்சி பெற்ற பெரியவர்கள்தான். அவர்களில் குழந்தைகளின் தாய் தகப்பன்மாரும் உண்டு.

அப்படி என்னதான் கற்கிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளையைத் தடவிப் பார். ஊசி இலை இரண்டிரண்டாக முளைத்திருந்தால் பைன். ஒவ்வொன்றாக இருந்தால் ஸ்ப்ரூஸ். இளம் பைன் மரத்தில் கிளைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன அல்லவா? வருஷத்துக்கு ஓர் அடுக்கு. எண்ணினால் மரத்தின் வயசு ஏறக்குறையத் தெரிந்துவிடும். கீழே கிடக்கும் காயை யார் தின்றது? நார் நாராகப் பிய்ந்திருந்தால் அணில். சுற்றிலும் சீராகக் கொறித்திருந்தால் எலி. உளுத்த கட்டையைப் புரட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மறுபடியும் இருந்தபடியே வைத்துவிட வேண்டும். அதன் அடியில் குடியிருப்பவர்களுக்கு அதுதானே கூரை!

இவற்றோடு, உயிரைக் காக்கும் பாடங்களும் உண்டு. தெரியாத பழத்தையோ காளானையோ வாயில் வைக்கக் கூடாது. தூய வெள்ளையாக, பார்க்க அழகாக, ஆளைக் கொல்லும் விஷக் காளான் அந்தக் காட்டிலேயே முளைக்கிறது. வழி தவறிவிட்டால்? ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு. அலையாதே; தேடி வருவார்கள்.

இந்த மரத்துப் பாடத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மலைக்காட்டுக்குப் போன ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறினான். பலர் சேர்ந்து தேடினார்கள். நாலாம் நாள்தான் கண்டார்கள். குளிரில் அவன் உயிர் போயிருந்தது. தேடப் போனவர்களில் சிலருக்கு அதன் பிறகு மனசு ஆறவில்லை. 'இருந்த இடத்திலேயே இரு' என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்? அந்த வேதனையில் பிறந்ததுதான் "மரத்தைக் கட்டிக்கொள்" என்ற பாடம். பிறகு அது கடல் தாண்டி ஸ்வீடனுக்கும் வந்து சேர்ந்தது. மரம் ஓடாது, கூடவே நிற்கும். பயந்த குழந்தைக்கு அந்த நேரத்தில் அதைவிட நல்ல துணை ஏது?

1985-இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகில் லீடிங்யோ என்ற ஊரில் இரண்டு பெண்மணிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். என்றைக்கோ ஒரு நாள் காட்டுக்குப் போவதற்குப் பதிலாக, தினந்தோறும் வெயிலானாலும் மழையானாலும் வெளியிலேயே நடக்கும் பாலர் பள்ளியைத் தொடங்கினார்கள். 1997-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இந்த மாதிரிப் பள்ளி ஒன்றையும் நகரத்துப் பள்ளி ஒன்றையும் ஒப்பிட்டது. காட்டுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கவனம் கூடுதலாக இருந்தது, உடம்பு லாகவமாக வளைந்தது, நோய் என்று படுப்பதும் குறைவாக இருந்தது. இரண்டே பள்ளிகளைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். இருந்தாலும், சளிக்குப் பயந்து கதவைச் சாத்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய செய்தி அல்லவா?

ஃப்ரோமின் நினைப்பு ரொம்ப எளிமையானது. குழந்தை காட்டை நேசிக்கக் கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் தானே அதைக் காப்பாற்றும். "மரத்தை வெட்டாதே" என்று நூறு தடவை சொல்வதைவிட, ஒரு மரத்தோடு ஒரு தடவை சிநேகம் பிடிக்க வைப்பது மேல். ஜப்பான்காரர்கள் கூட இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் தேசத்துக்கு முல்லேயை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது வேறு ஒரு சங்கதி. கூடப் போகும் பெரியவர்கள் எல்லாம் தெரிந்த பண்டிதர்களாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. குழந்தையோடு சேர்ந்து தேடுகிறவர்களாக, சேர்ந்து வியக்கிறவர்களாக இருந்தால் போதும். குழந்தை மண்ணைக் காட்டி "இது என்ன பூச்சி?" என்று கேட்டால், குனிந்து உட்கார்ந்து, "எனக்கும் தெரியவில்லையே, வா, சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லலாம்.

இதைச் சொல்ல நமக்குக் காடு வேண்டுமா, பட்டம் வேண்டுமா? அடுத்த மழை விட்டதும், குழந்தை வாசலில் குந்திக்கொண்டு எதையோ உற்றுப் பார்த்தால், "சீ, கையை எடு!" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நீங்களும் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். புடவைத் தலைப்பில் சேறு படும். துவைத்தால் போகாதா என்ன?