ஆற்றங்கரை அயலாரும் நம் பைத்துல்மாலும்



செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, புதுவை மண்ணிற் புகுந்து கடலைச் சேர்கின்ற சங்கராபரணி ஆற்றை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு வில்லியனூரை எட்டுமுன் அதன் கரையில் இருக்கும் சிற்றூர் செல்லிப்பட்டு. பிரெஞ்சு ஆட்சியில் கட்டப்பட்ட படுகை அணையினால் பெயர் பெற்றது. கரையோர மக்களுக்குச் சோறளிப்பதும் அந்த ஆறுதான். சில ஆண்டுகளில் அடுப்பை அணைப்பதும் அதே ஆறுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. வீடூர் அணையின் உபரிநீரும் சேரவே சங்கராபரணி பெருக்கெடுத்தது. தாழ்ந்த இடத்து வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அரசு, குடும்ப அட்டை ஒன்றுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது உண்மையே. ஆயினும் அரசின் உதவி வந்து சேர நாட்கள் ஆகும். பசியோ அன்றைய பொழுதே வந்துவிடுகிறது. அந்த முதல் நாள் சோறு அயலாரின் பொறுப்பு.

அந்நாட்களில் ஓர் ஊர்ப் பைத்துல்மாலின் ஆலோசனைக்கு இந்த எளியேனும் அழைக்கப்பட்டிருந்தேன். செல்லிப்பட்டு போன்ற ஆற்றோர ஊர்களுக்கு உணவு சமைத்து அனுப்பலாமா என்பது பேச்சு. பொருளாளர் எழுந்து, "ஹஜ்ரத், நம் கையிருப்பு முழுவதும் ரமளானில் வசூலான ஜகாத் பணம். அங்கிருப்போரில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லர். கொடுத்தால் ஜகாத் நிறைவேறுமா?" என்று கேட்டார். இளைஞர்கள் கொதித்தனர், பெரியவர்கள் தயங்கினர். விவாதத்திலேயே பகற்பொழுது கழிந்தது. இறுதியில் அங்கிருந்தோரிடமே துண்டு ஏந்தி வசூலித்து அரிசி வாங்கினோம். சோறு போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது.

பொருளாளரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. அவர் அமானிதத்திற்கு அஞ்சினார். ஜகாத் யாருக்கு உரியது என்பதைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் அறுபதாம் வசனம் எட்டு வகையாக வரையறுத்துள்ளது. ஏழைகளின் பங்கு முஸ்லிம் ஏழைகளுக்கே என்பது ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகள் இரண்டின் சட்டமுமாகும். நம் விருப்பத்திற்கேற்ப அதனை வளைத்தல் ஆகாது.

ஆனால், ஜகாத்தோடு நம் கடமை முடிந்துவிட்டதாக யார் சொன்னார்கள்? ஸதகாவின் வாசல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இஸ்லாத்தைத் தழுவாத தம் உறவினர்களுக்குத் தருமம் செய்யச் சிலர் தயங்கியபோதே, அத்தயக்கத்தை நீக்கி அல்பகரா அத்தியாயத்தின் 272ஆம் வசனம் அருளப்பெற்றதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அவர்களை நேர்வழியில் செலுத்துவது நபியின் பொறுப்பன்று, கொடுப்பதன் நன்மை கொடுப்பவருக்கே என்பது அதன் கருத்து. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, அவர்கள் முதலில் வினவியது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதைத்தான்.

இதனைச் செயலில் காட்டியவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது என்ன செய்தார்கள்? திருமண விருந்துக்கெனச் சமைத்த உணவு, உயிர்தப்பி ஓடிவந்த மீனவ மக்களின் கைக்குச் சென்றது. அடுத்து வந்த நாட்களிலும் அடுப்பு அணையவில்லை. தங்க இடம் தந்தார்கள். இறந்தோரை அடக்கஞ் செய்யத் துணை நின்றார்கள். வந்தவர்கள் எம்மதத்தவர் என்று எவரும் கேட்கவில்லை. கல்யாணச் சோறு ஜகாத்துப் பொருளன்று. ஆகையால் சட்டம் பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. நான் சொல்ல வருவது இதனைத்தான்: கைவசம் ஸதகா இருந்தால் கை தயங்காது.

எனவே, பைத்துல்மால் நடத்தும் பெருமக்களே! ஜகாத்துக்கு ஒரு கணக்கும் ஸதகாவுக்கு ஒரு கணக்கும் தனித்தனியே வையுங்கள். ரசீதுப் புத்தகமும் இரண்டாக இருக்கட்டும். ரமளானில் ஜகாத் தானே வந்து சேரும். ஸதகாவுக்கு ஆண்டு முழுவதும் கேட்டுப் பெற வேண்டும். வீட்டுக்கு வீடு ஓர் உண்டியல், பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் பிடி அரிசி, திருமண வீட்டார் மனமுவந்து தரும் தொகை என வழிகள் உண்டு.

இன்னுமொன்று. இந்நாளில் ஐந்து கிலோ அரிசி கொடுப்பதற்குள் ஐந்து படம் எடுத்துவிடுகிறார்கள். பை வாங்கும் விதவைத் தாய் முக்காட்டை இழுத்து முகத்தை மறைப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் தருமத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகராவின் 264ஆம் வசனம் தடுக்கிறது. கணக்குக் காட்ட வேண்டுமாயின் அரிசி மூட்டையைப் படமெடுங்கள், அதற்கு வெட்கமில்லை.

ஐப்பசி அடைமழைக்கு முன்பாகவே ஸதகாக் கணக்கில் இருநூறு பேருக்கு இரண்டு நாள் சமைக்கப் போதுமான தொகை இருக்கட்டும். அண்டாக்களும் விறகும் எவர் வீட்டில் உள்ளன, செல்லிப்பட்டுப் பக்கம் வண்டி செலுத்த எவர் ஆயத்தம் என்பதையும் வருகின்ற ஜும்ஆவுக்குப் பின் அமர்ந்து எழுதி வையுங்கள்.