நிற்கச் சொல்வது ஏன் எங்கள் பெண்ணை?

வம்பு பண்ணுகிறவன் ஒருவன், பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பவள் எங்கள் வீட்டுப் பெண். இது எந்த ஊர் நியாயம்? "பிரச்சினை அடங்கட்டும், அதுவரைக்கும் பிள்ளையை அனுப்பாதீங்க" என்கிறார்கள். அப்படி நின்றவள் எவளும் எங்கள் காலனியிலிருந்து மறுபடி பள்ளிக்குப் போய் நான் பார்த்ததில்லை.

என் அக்கா அப்படித்தான் நின்றாள். ஊர்த்தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே சைக்கிளைக் குறுக்கே போட்டு மறிப்பார்கள். சாதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒருநாள் தாவணியைப் பிடித்து இழுத்தார்கள். அப்பா ஊர்ப் பெரியவர் வாசலில் கைகட்டி நின்று முறையிட்டார். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடா இம்புட்டுப் படிப்பு?" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தோட்டத்தில்தான் அப்பாவுக்குக் கூலி. அதற்கு மேல் எங்கே போவார்? அடுத்த மாதம் மில் வேன் வந்தது. மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்களாம். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வேறு! கணக்கில் வகுப்புக்கே முதலாக வந்தவள், ராத்திரி ஷிப்டில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு பஞ்சுத் தூசியில் இருமினாள்.

சட்டமும் சரியாகப் பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்துகிற வயதில்தான் கையை விடுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாவது முடிகிற நேரம். பெண் வயதுக்கு வந்து, பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிற நேரம்.

வயதுக்கு வந்ததே குற்றம் என்றும் ஆக்கினார்களே! 2025 ஏப்ரலில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பெண்ணை மாதவிலக்கு என்று வகுப்புக்கு வெளியே படியில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. தாய்தான் தனியாக உட்காரவைக்கச் சொன்னார் என்று விளக்கம் வந்தது. தனி இடம் கேட்டால் வாசற்படியா கொடுப்பீர்கள்? ஊருக்குப் பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஓர் அறையைத் திறந்து, மேசை போட்டு, மின்விசிறியையும் சுழலவிட்டிருக்க மாட்டீர்களா? தாய் நேரில் போய்ப் படம்பிடித்ததால்தான் பள்ளி முதல்வர் இடைநீக்கம், வழக்கு எல்லாம். 2022-ல் பெருந்துறைப் பக்கம் எங்கள் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த கதையும் ஒரு பிள்ளைக்கு டெங்கு கண்ட பிறகுதான் வெளியே வந்தது. வீடியோ வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் வேண்டும். எங்கள் பிள்ளை வாயால் சொன்னால் மட்டும் ஏன் போதாது?

வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்ன மாணவனை, கூடப் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அரசுக்கு அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கூடாது என்றார். நல்லது. கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தெருமுனையில் நிற்கிறவனை யார் கேட்பது?

இப்போது என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அதே தெருதான், சைக்கிள் போய் பைக் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். அவளை வீட்டில் வைத்துக்கொள் என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்களே, அந்தப் பையன்களின் வீட்டுப் படியை ஒருநாளாவது மிதித்தீர்களா? அவர்களில் ஒருவனுடைய ஒரு நாள் படிப்பாவது கெட்டதா? அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களைப் பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. என் புகாரை அந்தச் சட்டத்தில் எழுதுங்கள். சமாதானம் பேச என்னைக் கூப்பிடாதீர்கள். டி.சி. கேட்டும் நான் வரமாட்டேன்.