பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே இருந்தால் என்ன?

'பொன்னியின் செல்வன்' எனக்குப் பிடிக்கவில்லை. இதை வெளியே சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. புத்தகம் வாசிக்கிற நண்பர்கள் கூடும் இடத்தில் சொன்னால், "உனக்கு ரசனையே இல்லையா?" என்றுதான் முதல் கேள்வி வரும். இரண்டு முறை பாதியில் மூடி வைத்தேன். மூன்றாவது முறை ஐந்து பாகங்களையும் முடித்தேன். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் மக்கள் ஏன் காத்திருந்தார்கள் என்பது புரிந்தது. வந்தியத்தேவனின் குறும்பும், அத்தியாய முடிவில் போடும் முடிச்சும் கல்கிக்குக் கைவந்த கலை. ஆனாலும் மனம் ஒட்டவில்லை.

ஏன் என்று யோசித்தால் சேந்தன் அமுதன்தான் நினைவுக்கு வருகிறான். கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுப்பவன், பதவி ஆசை இல்லாதவன், நாவலிலேயே எனக்குப் பிடித்த மனிதன். கடைசியில் அவன் யார்? சோழ அரச குடும்பத்தின் பிள்ளை. அரண்மனையில் வளர்ந்த, பதவி ஆசை பிடித்த மதுராந்தகனோ அந்தக் குடும்பத்தில் பிறந்தவனே அல்ல. பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே இருந்து மதிக்கப்படக் கூடாதா? நல்ல குணத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமா?

"கதைதானே, இதிலுமா சாதி?" என்று கேட்கலாம். ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. சேரி கல்லில் இருக்கிறது. நாவலில் சேரிக்குள் நடக்கும் ஓர் அத்தியாயம்கூட என் நினைவில் இல்லை.

என்னை உலுக்கியது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). அதில் வரும் ஆரோக்கியம், சேரி மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குகிறவள். அவளைத் தாழ்த்துவது ஊர் மட்டுமல்ல, சேரியும்தான். படிக்கும்போது நான் எந்த வாசலில் நிற்கிறேன் என்று என்னையே கேட்க வேண்டியிருந்தது. அது சுகமான வாசிப்பு இல்லை.

அதற்குப் பிறகுதான் 'பொன்னியின் செல்வ'னின் ஈர்ப்பு கொஞ்சம் புரிந்தது. வாசிக்கிற எல்லோருக்கும் அது அரண்மனையில் ஓர் இடம் கொடுத்துவிடுகிறது. சதய விழா வந்தால் எத்தனை சாதிகள் ராசராசனை "எங்கள் மாமன்னன்" என்று சுவரொட்டி ஒட்டுகின்றன! ஒடுக்கப்பட்ட சாதிகளின் சங்கங்களும் அதில் உண்டு. பட்ட இழிவைத் துடைக்க அரச பரம்பரையைத் தேடும் அந்த ஏக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சேந்தன் அமுதனுக்குக் கல்கி செய்ததைத்தான் அங்கே நாம் நமக்கே செய்துகொள்கிறோம். மதிப்பு வேண்டுமென்றால் ரத்தத்தில் ராஜா இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறோம். சுயமரியாதை சொல்வது இதற்கு நேர் எதிரானது.

படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பிடித்தால் கொண்டாடுங்கள். பிடிக்காதவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்காதீர்கள். அடுத்த முறை யாருக்காவது அந்த ஐந்து பாகங்களைப் பரிசாக வாங்கினால், கூடவே 'கோவேறு கழுதைகள்' ஒரு பிரதியும் வாங்குங்கள். எதில் மனம் ஒட்டியது, ஏன் ஒட்டியது என்று பிறகு உட்கார்ந்து பேசுவோம்.