புதிய கித்தாருக்கு எதற்குப் பழைய கீறல்?

என் அக்காள் மகனுக்கு வயது பதினைந்து. தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தையும், பள்ளி விடுமுறையில் பெரியப்பாவின் கடையில் உதவி செய்து பெற்ற பணத்தையும் சேர்த்து 1,500 ரிங்கிட் வைத்திருக்கிறான். அவனுக்கு மின்கித்தார் கற்றுக்கொள்ள ஆசை. "இந்தப் பணத்திற்கு நல்ல கித்தார் கிடைக்குமே, கடைக்குப் போகலாம் வா" என்று அழைத்தேன். "வேண்டாம் மாமா. இன்னும் மூன்று ஆண்டுகள் சேமித்து இதைத்தான் வாங்கப் போகிறேன்" என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

படத்தில் இருந்த கித்தாரில் பாதி வண்ணம் உரிந்து மரம் தெரிந்தது. திருகாணிகளில் துரு ஏறியிருந்தது. யாரோ பல ஆண்டுகள் வாசித்துவிட்டு விற்கும் கருவி என்று நினைத்தேன். விவரத்தைப் படித்த பிறகுதான் அது தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புதிய கித்தார் என்று தெரிந்தது. விலை 6,000 ரிங்கிட்டுக்கும் மேல்!

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் 'ரெலிக்' என்ற பெயரில் இத்தகைய கித்தார்களை அறிமுகப்படுத்தியது. இன்று வேறு பல நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. புதிதாகச் செய்த கித்தாரின் வண்ணத்தை மணல்தாளால் தேய்ப்பார்கள். வாசிப்பவரின் முன்கை உரசும் இடத்தில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் தேய்க்க வேண்டும். இடைவார்க் கொக்கி படும் பின்புறத்தில் கீறல்கள் போடுவார்கள். வண்ணப்பூச்சைத் திடீரெனக் குளிரவைத்து மெல்லிய வெடிப்புகள் தோன்றச் செய்வார்கள். உலோகப் பாகங்களை இரசாயனத்தால் மங்கவைப்பார்கள். இதற்குக் கைத்திறன் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. நிறுவனமும் எதையும் மறைக்காமல், பழையதுபோல் ஆக்கப்பட்டது என்று சொல்லித்தான் விற்கிறது.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? புகழ்பெற்ற கலைஞர்களின் கித்தார்களிலிருந்துதான். எரிக் கிளாப்டன் 1970ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரில் பழைய ஃபெண்டர் கித்தார்கள் சிலவற்றை, ஒன்று ஏறத்தாழ 100 டாலருக்கு வாங்கினார். அவற்றுள் மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து 'பிளாக்கி' என்ற கித்தாரை உருவாக்கினார். அது 2004ஆம் ஆண்டில் 959,500 டாலருக்கு ஏலம் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபெண்டர் நிறுவனம் அதன் 275 பிரதிகளைச் செய்து, ஒவ்வொன்றையும் 20,000 டாலருக்கு மேல் விலை வைத்து விற்றது. கிளாப்டனின் சிகரெட் பட்டுக் கருகிய அடையாளம்கூடப் பிரதிகளில் இருந்தது. அவர் கவனக்குறைவாகச் சுட்ட இடத்தை 275 முறை கவனமாகச் சுட்டிருக்கிறார்கள்!

அயர்லாந்தின் ரோரி கேலகரின் கதையைத்தான் நான் என் மருமகனிடம் சொன்னேன். 1963ஆம் ஆண்டில், கார்க் நகரக் கடையொன்றில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஃபெண்டர் கித்தாரை அவர் 100 பவுண்டுக்கு வாங்கினார். அன்று அது பெரிய தொகை. முழுப் பணம் சேரும்வரை காத்திருக்காமல் கடனாகத்தான் வாங்கினார். அப்போது அவருக்கும் வயது பதினைந்துதான். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை வாசித்தார். அது ஒருமுறை திருடுபோய், மழையில் கிடந்து, மீண்டும் கிடைத்தது. மேடை வியர்வையிலும் உரசலிலும் அதன் வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. 2024ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த ஏலத்தில், கட்டணங்களோடு சேர்த்து 889,400 பவுண்டுக்கு விற்கப்பட்டு, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்திற்குச் சென்றது. ஆனால், அதை வாங்கிய நாளில் ரோரிக்கு அதன் கீறல்கள் தேவைப்படவில்லை. கையில் ஒரு கித்தார் தேவைப்பட்டது.

"பழையதுபோல் இருந்தால் கைக்கு இதமாக இருக்குமாம் மாமா" என்றான் மருமகன். அது உண்மைதான். நெடுநாள் வாசித்த கித்தாரில் விரல்பலகையின் ஓரங்கள் மழுங்கி, கழுத்தின் பின்புறம் வழுவழுப்பாக இருக்கும். கை தடையின்றி நகரும். நல்ல ரெலிக் கித்தார்களில் இதையும் செய்து தருகிறார்கள். முதல் கீறல் விழுந்துவிடுமோ என்ற அச்சமும் இராது. ஆனால், இந்த இதத்திற்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. கித்தார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால், விரல்பலகையின் ஓரத்தை மழுக்கி, ஃபிரெட் கம்பிகளின் முனைகளைத் தேய்த்து, தந்திகளின் உயரத்தையும் சரிசெய்து தருவார். உரிந்த வண்ணமும் துருப்பிடித்த திருகாணியும் விரலுக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

மேலும், மலிவான கித்தார் என்றால் மட்டமானது என்ற காலம் போய்விட்டது. ஃபெண்டரின் குறைந்த விலைப் பிரிவான ஸ்கொயரின் பல கித்தார்களும், யமாஹா பசிஃபிகா வகையில் பலவும், நம் அண்டை நாடான இந்தோனேசியாவில்தான் செய்யப்படுகின்றன. துல்லியமான இயந்திரங்களில் மரம் அறுக்கப்படுவதால், தொடக்கநிலை மாணவருக்கு வேண்டிய தரம் அவற்றில் கிடைக்கிறது. என் மருமகனின் 1,500 ரிங்கிட்டில் அப்படியொரு கித்தாரும் சிறிய ஒலிபெருக்கியும் வாங்கப் பார்க்கலாம். பயன்படுத்தியதை வாங்கினால் சில மாதப் பயிற்சிக் கட்டணம்கூட மிஞ்சும். வசதியுள்ள முதிர்ந்த கலைஞர் ஒருவர் ரெலிக் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பணம், அவர் மகிழ்ச்சி. பதினைந்து வயதுப் பையன் அதற்காக மூன்று ஆண்டுகள் வாசிக்காமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மருமகன் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் கித்தாரைப் பார்த்தாலே வாசிக்கத் தோன்றுகிறதே மாமா" என்கிறான். இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனாலும், வரும் சனிக்கிழமை என்னோடு கடைக்கு வரச் சம்மதித்திருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு நான்கைந்து கித்தார்களின் கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.