கோட்டாவில் கதவைத் தட்டுகிறார்கள்

ராஜஸ்தானின் கோட்டா ஒரு காலத்தில் ஆலை நகரம். செயற்கை இழை ஆலை ஒன்றில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சால், தசை நலிவு நோய் தாக்கிய பின், 1980களில் வீட்டிலேயே மாணவர்களுக்குக் கணக்கு சொல்லித்தரத் தொடங்கினார். அவர்கள் ஐஐடியில் நுழைந்தார்கள். 1997இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் ஊருக்குச் சோறு போட்டவை பயிற்சி மையங்களும் விடுதிகளும்தான்.

2023இல் இங்கே இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டபோது, வழக்கமான விளக்கம் வந்தது: இந்தத் தலைமுறைக்கு மனவலிமை இல்லை. சௌகரியமான விளக்கம். ஊர் நடக்கும் விதத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பீகாரிலிருந்து பதினாறு வயதுப் பையன் வருகிறான். பள்ளியில் பெயர் மட்டும் இருக்கும், போக வேண்டியதில்லை. விளையாட்டு, சிநேகிதர்கள், தெரிந்த வாத்தியார் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. தனி அறை, மெஸ் சாப்பாடு, ஓயாத தேர்வுகள். மதிப்பெண் குறைந்தால் கீழ் பேட்ச். சொந்த ஊரில் அவன்தான் முதல் மாணவன். அப்பா நிலத்தை அடகு வைத்திருந்தால், போனில் ‘நல்லா படிக்கிறேன்’ என்பதைத் தவிர வேறென்ன சொல்வான்? 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் ஒரு லட்சம். பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்த கணக்கு. அதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

தேர்வு ஒன்றே காரணம் என்பதும் தவறு. மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, காதல், சாதி அவமானம், போதை என்று பலதும் சேர்கின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாடெங்கும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044. கோட்டா அதில் சிறு பகுதிதான்.

ஆனால் சூழலை மாற்ற முடியும். தமிழகத்தில் பிளஸ் 2 தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். ஓர் ஆண்டு வீணாகிவிடும் என்ற பயம் குறைகிறது. 2024 ஜனவரியில் மத்திய அரசு, பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்றது. மதிப்பெண் பார்த்து பேட்ச் பிரிப்பதை இயன்றவரை தவிர்க்கச் சொன்னது 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம். சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டமான வேலை.

கோட்டா போலீசாருக்கு 2023இல் எளிய யோசனை ஒன்று தோன்றியது. பெயர், ‘தர்வாஸே பே தஸ்தக்’, கதவைத் தட்டுவது. விடுதிக் காப்பாளர்கள் அறைக் கதவைத் தட்டி விசாரிக்க வேண்டும். சாப்பிட வராத மாணவன் யார் என்று மெஸ்காரரும் டிபன் கொடுப்பவரும் தகவல் சொல்ல வேண்டும். கதவைத் தட்ட ஆளில்லாதவர்களுக்கு, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவு பகலாக இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.